சாமை உண்டால் இளைக்குமா? எடை குறைப்போரின் உணவுக் கணக்கு

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய பகுதிகளில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக விளைவித்து உண்டுவரும் சாமை, ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததையொட்டி நகரத்துக் கடைகளில் புதிய மதிப்பைப் பெற்றது. அதோடு, உடல் இளைக்க விரும்புவோர்க்கு உகந்த அரிசி என்னும் பெயரும் அதற்குச் சேர்ந்துகொண்டது. இந்தப் பெயரில் பாதிதான் உண்மை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையின்படி, 100 கிராம் சாமை அரிசி தரும் ஆற்றல் ஏறத்தாழ 346 கலோரி, அதே அளவு வெள்ளை அரிசி தருவது ஏறத்தாழ 356 கலோரி. இடையிலுள்ள 10 கலோரி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தரும் 45 கலோரியில் கால் பங்குகூட ஆகாது. (உணவுப் பேச்சில் கலோரி எனப்படுவது அறிவியலின் கிலோ கலோரியே; ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலின் அளவு அது.)

சாமையின் உண்மையான மேன்மை வேறிடத்தில் இருக்கிறது. அதே அட்டவணையில் சாமையின் நார்ச்சத்து 100 கிராமுக்கு ஏறத்தாழ 7.7 கிராம், வெள்ளை அரிசியினுடையது 2.8 கிராம், புரதத்திலும் சாமைக்கு 10, அரிசிக்கு 8 என்ற அளவில் வேறுபாடு உண்டு. நார் மிகுந்த சோறு மென்று விழுங்க நேரம் எடுத்துக்கொள்வதோடு வயிற்றிலும் நெடுநேரம் தங்குவதால், பலர் இரண்டாம் முறை சோறு கேட்பதில்லை. ஆனால் வெள்ளைவெளேரென்று தீட்டப்பட்ட சாமையில் இந்த நாரின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது என்பதையும், அரிசிச் சோறு உண்ட அதே அளவுக்குச் சாமைச் சோற்றையும் உண்டால் எடைக் கணக்கில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் நேராது என்பதையும் கடைக்காரர்கள் எடுத்துரைப்பதில்லை. மலைச்சரிவில் களையெடுத்து, கதிர் அறுத்து, விறகும் தண்ணீரும் சுமப்பவர்களின் உடல்வாகைக் காட்டி அதற்குச் சாமையே காரணம் என்பது, உழைப்பின் பயனைத் தானியத்தின் கணக்கில் எழுதுவதாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்தே வேலை செய்பவராயின் நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும் என்றும், கடும் உடலுழைப்பில் ஈடுபடுபவராயின் 2,720 கலோரி தேவை என்றும் கூறுகிறது. எடை ஒன்றே, பாலினமும் ஒன்றே. வேலை மட்டும் மாறியதால் தேவை 1,060 கலோரி வேறுபடுகிறது.

இந்த இரு நிலைகளும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருக்கின்றன. மலையடிவாரத்துக்கு அப்பால், பாலாற்றங்கரையை ஒட்டிய ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் பல்லாயிரவர்க்கு வேலை தருகின்றன. காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவுகளில் பெண்கள் பெருமளவில் நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கின்றனர். வயல் வேலைக்குச் சென்ற தாயின் சோற்றளவே, தையல் பொறியின் முன் அமரும் மகளின் தட்டிலும் விழுகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழகத்துப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று பதிவு செய்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்களின் பங்கு 30.9 விழுக்காடாகவே இருந்தது. அதே தமிழகத்தில் எட்டுப் பெண்களில் ஒருவர் எடை குறைந்தவராகவும் இருப்பதால், இளைப்பதற்கான அறிவுரை எல்லோருக்கும் உரியதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யாருக்கு உரியது என்பதை அறியப் பயன்படும் முதல் அளவுகோல் உடல் நிறைக் குறியீட்டெண். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அது. உலக அளவில் 25க்கு மேல் மிகை எடை என்றும் 30க்கு மேல் உடற்பருமன் என்றும் வகுத்திருக்க, இந்தியர்க்கு மருத்துவர்கள் 23ஐயும் 25ஐயும் எல்லைகளாகக் கொள்கின்றனர். இதற்கான காரணத்தைப் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனின் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு விளக்கினர்: இருவரின் குறியீட்டெண்ணும் 22.3, ஆயினும் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலிலும் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கக்கூடும் என்பது, பின்னர் வரும் உணவுக் கணக்குக்கும் பொருந்தும் செய்தி. தசை ஓய்வு நேரத்திலும் ஆற்றலைச் செலவிடுகிறது. அது குறைந்தால் செலவும் குறையும்.

இனி அந்தக் கணக்கு. உடல் அசையாமல் படுத்திருந்தாலும் இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் உடல் வெப்பத்தைக் காப்பதற்கும் செலவாகும் ஆற்றலை அடிப்படை வளர்சிதைச் செலவு என்பர். இதை மதிப்பிட 1990இல் அமெரிக்காவில் உருவான மிஃப்லின்–செயின்ட் ஜியார் சூத்திரம் இன்று பரவலாகப் பயன்படுகிறது: எடையைப் பத்தாலும், சென்டிமீட்டரில் உள்ள உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, ஆணாயின் 5ஐக் கூட்டவும் பெண்ணாயின் 161ஐக் கழிக்கவும் வேண்டும். எடுத்துக்காட்டாக, 90 கிலோ எடையும் 155 செ.மீ. உயரமும் 40 வயதும் உடைய ஒரு பெண்ணைக் கொண்டால், விடை ஏறத்தாழ 1,508 கலோரி. அமர்ந்தே வேலை செய்பவர்க்கு இதை 1.4ஆல் பெருக்க வேண்டும். அதன்படி அவர் எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்க நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 2,110 கலோரி. அதிலிருந்து 500ஐக் குறைத்து 1,600 கலோரி உண்டால் இளைக்கலாம் என்பது உணவு ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்லும் வழி.

வழி சரியே, அதன் மேல் கட்டப்படும் எதிர்பார்ப்புதான் பிழையானது. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்னும் மதிப்பீடு, அமெரிக்க மருத்துவர் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி 1958இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அதை நேர்க்கோடாக நீட்டினால், நாளுக்கு 500 கலோரி குறைப்பவர் வாரத்துக்கு 450 கிராமும் ஆண்டுக்கு 23 கிலோவும் இழப்பார். அதே கோட்டை மேலும் நீட்டினால் நான்காம் ஆண்டு முடிவதற்குள் அந்தப் பெண்ணே மிஞ்சமாட்டார். உண்மையில் உடல் சிறுக்கும்தோறும் அதன் செலவும் சிறுக்கிறது. அவர் 70 கிலோவை எட்டும்போது மேற்கண்ட சூத்திரப்படி அன்றாடத் தேவை 280 கலோரி குறைந்திருக்கும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011இல் லான்செட்டில் வெளியிட்ட கணித மாதிரியோ, இளைத்த உடலை அசைக்க ஆகும் செலவு குறைவதையும் உடல் தன்னைத்தானே சிக்கனப்படுத்திக்கொள்வதையும் சேர்த்துக் கணக்கிட்டு, இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் அன்றாடச் செலவு ஏறத்தாழ 24 கலோரி குறைகிறது என்கிறது. 20 கிலோவுக்கு அது 480 கலோரி. அதாவது, தொடக்கத்தில் இளைக்கச் செய்த அதே 1,600 கலோரி உணவு, 70 கிலோவை நெருங்கும்போது எடையை இருந்தபடியே வைத்திருக்கும் உணவாக மாறிவிடுகிறது. அந்த 20 கிலோவில் ஏறத்தாழ பாதிதான் முதலாண்டில் குறையும். எஞ்சியது குறைய மேலும் இரண்டாண்டுகள் வரை ஆகும் என்பதும் அந்த மாதிரியின் முடிவு. ஆறாம் மாதத்தில் எடை நகராமல் நின்றுவிட்டதாக மனம் தளர்ந்து பழைய உணவுக்குத் திரும்புவோரில் பலர், கணக்கின் இந்த இயல்பு தெரியாதவர்களே. அவர்களுடைய மன உறுதியைக் குறை கூறுவது எளிது, ஆனால் நியாயமன்று.

செலவு குறைவதோடு பசியும் கூடுகிறது. எடையில் ஒரு கிலோ குறைந்தால், பசி நாளுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்கு மிகுகிறது என்று 2016இல் ஹாலின் குழு மதிப்பிட்டது. அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, எடை குறைப்பையே போட்டியாக நடத்திய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் போட்டியாளர் 14 பேரை ஆறாண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்தது: அவர்களுடைய ஓய்வுநிலை ஆற்றல் செலவு, அப்போதைய உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஒரே மூச்சில் மிகக் கடுமையாக இளைத்தவர்கள் அவர்கள் என்பதால் இதை எல்லோர்க்கும் பொதுவிதியாக்க முடியாது.

சூத்திரம் தரும் எண் தொடக்கப் புள்ளி மட்டுமே. அமெரிக்கர்களை அளந்து உருவாக்கப்பட்ட அது, தசை குறைந்த இந்திய உடலுக்குச் சற்று மிகையான விடையைத் தரக்கூடும். உண்ணும் அளவைப் பற்றிய மனிதரின் நினைவோ அதைவிட நம்பகமற்றது. 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, எவ்வளவு குறைத்து உண்டும் இளைக்கவில்லை என்று கூறியவர்களைச் சோதித்தபோது, அவர்கள் தாம் உண்டதை 47 விழுக்காடு குறைவாகவும் உழைத்ததை 51 விழுக்காடு மிகையாகவும் கூறியிருந்தது தெரியவந்தது. அவர்களைப் பொய்யர் என்பதற்கில்லை. தாளிப்பில் ஊற்றிய எண்ணெயும், பிள்ளைகள் தட்டில் மிஞ்சியதை வீணாக்க மனமின்றி உண்டதும், மாலைத் தேநீரோடு சேர்ந்த வடையும் எவர் நினைவிலும் நிற்பதில்லை.

தமிழ் வீடுகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது, ஏனெனில் சமையல் ஒரே பானையில் நடக்கிறது. சாம்பாரில் தன் பங்குக்கு எத்தனை கலோரி என்று எந்தக் குடும்பத் தலைவியும் கணக்கிட முடியாது, கணக்கிடத் தேவையும் இல்லை. கரண்டியை விட்டுவிட்டு மளிகைச் சீட்டைப் பார்ப்பது எளிய வழி. மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கும் நால்வர் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம் என்ற கணக்கில், தலைக்கு நாளொன்றுக்கு 38 கிராம் எண்ணெய், அதாவது சுமார் 340 கலோரி சேர்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்கு வகுத்துள்ள எண்ணெயின் அளவு 27 கிராம். வாங்குவதையே மூன்று லிட்டராக்கினால் தலைக்கு 23 கிராமாக இறங்கி, எவரும் பசியோடு எழாமலே நாளுக்கு ஏறத்தாழ 135 கலோரி குறையும். அரிசியையும் இவ்வாறே பார்க்கலாம்: நியாயவிலைக் கடை அரிசியும் வெளியில் வாங்குவதுமாக மாதம் 40 கிலோ செலவாகும் நால்வர் வீட்டில் தலைக்கு 333 கிராம், அதாவது ஏறத்தாழ 1,190 கலோரி சோற்றிலிருந்தே வந்துவிடுகிறது, அந்நிறுவனம் ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கும் உணவுத் தட்டில் எல்லாத் தானியமும் சேர்ந்தே 250 கிராம்தான். வீட்டில் அளக்கும் ஆழாக்கும் டம்ளரும் வீட்டுக்கு வீடு வேறுபடுவதால், ஒரு முறை அவற்றை அரிசியால் நிரப்பி மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டால், பிறகு ஆயுளுக்கும் அந்த டம்ளரே போதும். வளரும் பிள்ளைகளின் பங்கில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஆம்பூர்ப் பிரியாணியை விட்டுவிட வேண்டுமா என்று கேட்போர்க்கு, மாதத்துக்கு ஓரிரு முறை உண்ணும் எதுவும் இந்தக் கணக்கைக் கவிழ்ப்பதில்லை என்பதே விடை. கவிழ்ப்பவை நாள்தோறும் நடப்பவை.

இவ்வாறு ஓரளவு நிலைப்படுத்திய உணவை ஐந்து வாரங்கள் உண்டு, எடை என்ன சொல்கிறது என்று பார்ப்பதே அடுத்த படி. முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் மகிழ்வதற்கு ஏதுமில்லை. ஈரலிலும் தசையிலும் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள், தன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைத்திருப்பதால், அது கரையும்போது நீரும் வெளியேறுகிறது. அதுபோல, ஊறுகாயும் கருவாடும் உண்ட மறுநாளும், மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் தராசு காட்டும் ஏற்றம் கொழுப்பின் ஏற்றமன்று. ஆகையால் காலையில் சிறுநீர் கழித்தபின் எடுத்த எடைகளின் வாரச் சராசரியை மட்டும் ஒப்பிட வேண்டும். முதல் வாரத்தை நீக்கிவிட்டு, அடுத்த நான்கு வாரங்களில் இரண்டு கிலோ குறைந்திருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 கலோரி பற்றாக்குறை நிகழ்ந்திருக்கிறது என்று பொருள். சூத்திரம் என்ன சொல்லியிருந்தாலும், நினைவு எதைத் தவறவிட்டிருந்தாலும், இந்த எண்ணே அந்த உடலுக்குரியது. ஒவ்வோர் ஐந்து கிலோ குறைந்தபின்பும் இதை மீண்டும் பார்த்து, இறக்கம் நின்றிருந்தால் சோற்றில் ஒரு கைப்பிடியைக் குறைப்பதா நடையைக் கூட்டுவதா என்று முடிவு செய்யலாம். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 160 கலோரிதான். நடை பல நன்மைகளைத் தருமாயினும், தட்டிலுள்ள மிகையை நடந்தே தீர்க்க எண்ணுவது வீண்.

குறைக்கும்போது எதைக் குறைப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். இழக்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசையும் பிற கொழுப்பற்ற திசுக்களுமாக இருப்பது வழக்கம். புரதம் குறைந்த உணவும் அசையாத வாழ்வும் இந்தப் பங்கை மேலும் கூட்டும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. ஆகவே கை வைக்க வேண்டியது சோற்றிலும் சர்க்கரையிலும் எண்ணெயிலும். பருப்பு, முட்டை, மீன், மோர் ஆகியவை குறையாமல், இயன்றால் கூட வேண்டும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழி, அட்டவணையின் முன் பெருமளவு நிமிர்ந்தே நிற்கிறது: 100 கிராம் எள் 500 கலோரிக்கு மேல் தர, கொள்ளு 330 கலோரியோடு ஏறத்தாழ 22 கிராம் புரதத்தையும் 8 கிராம் நாரையும் தருகிறது. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று மட்டும் அதை நீட்டிப் பொருள் கொள்ளக் கூடாது. சோற்றின் இடத்தைக் கொள்ளு பிடித்தால் பயன் உண்டு, சோற்றோடு சேர்ந்தால் அதுவும் கூடுதல் கலோரியே.

குறைப்பதற்கும் ஓர் அடித்தளம் உண்டு. எடை குறைப்பு உணவு எதுவும் நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்பதும், வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பானது என்பதும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. 1918இல் ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னர் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து அந்நிறுவனமாயிற்று. சத்துக் குறைவால் வரும் நோய்களை ஆராயப் பிறந்த அது, இன்று மிகுதியாக உண்போர்க்கும் அளவு வகுக்கிறது. பிரிட்டனில் நடந்து 2017இல் முடிவு வெளிவந்த டைரக்ட் ஆய்வில், சுமார் 850 கலோரி மட்டுமே மூன்று முதல் ஐந்து மாதம் உண்டவர்களில் 46 விழுக்காட்டினர்க்கு ஓராண்டில் நீரிழிவு தணிந்தது உண்மையே. ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில், சத்துகள் சரிபார்க்கப்பட்ட பானங்களைக் கொண்டு, நீரிழிவு மாத்திரைகளை முதல் நாளிலேயே நிறுத்திச் செய்யப்பட்டது. வீட்டில் பட்டினி கிடப்பவர்க்கு அது முன்மாதிரியாகாது. மிக விரைவில் இளைப்போர்க்குப் பித்தப்பைக் கற்கள் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. 2025 முதல் இந்தியாவில் எடை குறைப்புக்கென விற்கப்படும் மௌஞ்சாரோ, வெகோவி போன்ற ஊசி மருந்துகள் பசியையே அடக்கிவிடுவதால், அவற்றைப் போட்டுக்கொள்வோர் தலைகீழான கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: புரதமும் நீரும் போதிய அளவு உள்ளே செல்கின்றனவா? வெகோவியிலுள்ள செமாகுளுடைடு மருந்தை நிறுத்தியவர்கள், ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக ஆய்வு ஒன்று காட்டியது.

தமிழகத்தில் ஏழில் ஒருவர்க்கு நீரிழிவு இருப்பதால், எடை குறைக்க முற்படுவோரில் கணிசமானோர் ஏற்கெனவே மருந்து உண்பவர்களாகவே இருப்பர். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை உண்போரும் இன்சுலின் போட்டுக்கொள்வோரும் மருந்தைப் பழைய அளவிலேயே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரக்கூடும். அத்தகையோர் உணவில் கை வைப்பதற்கு முன், மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சென்று, எடையையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.